கல்லிடைக்குறிச்சியில் பங்குனி வெயில்

தென்றல் எங்கே உற்பத்தியாகிறது? புலவர்களைக் கேட்டால் கொஞ்சமும் தயங்காமல், "பொதிகை மலையில்" என்று விலாசம் கொடுத்துவிடுவார்கள். அந்த விலாசத்தை நம்பிப் புறப்படுகிறவர்கள் திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை ரயிலில் ஏறிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்குவது உத்தமம். திருநெல்வேலிக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். தாமிரபரணியின் தென்கரையில் ஊர். ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பொதிகையின் நீலம். தென்றலுக்கு இதை விட நெருக்கமான ரயில்வே ஸ்டேஷன் வேண்டுமென்றால் பேராசைதான்!

வழி நெடுக ஒவ்வொரு ஊரும் ஒரு கீர்த்தியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து நிற்கிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடை. அங்கே நெய்கிற கோரைப் பாய் பட்டுத் துணி போல மடியும். அடுத்தது காருக்குறிச்சி. 1962-ல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு வந்த நாகஸ்வரத்துக்குச் சொந்தக்காரரான அருணாசலத்தின் ஊர். பிறகு வீரவநல்லூர். அதற்கடுத்த கல்லிடைக்குறிச்சியின் கீர்த்தி என்ன என்று எந்தக் குடும்பத் தலைவிக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பளம்!

வசந்த காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் சொன்னார். நமது ஊர் வசந்தத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படித்திருக்கிறோம். ஆனால் அந்த மாதங்களில் சென்னையில் வெளியே தலை காட்டியவர்கள் யாரும் 'இளமை' என்ற சொல்லை அந்த வேனிலோடு சேர்க்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், நம் வீடுகளில் வசந்தம் மொட்டை மாடி வழியாகத்தான் உள்ளே வருகிறது. மாசிக் கடைசியில் வடுமாங்காய் ஜாடிக்குள் இறங்கும். பங்குனியில் வடாம். வேப்ப மரத்தடியில் பழைய வேஷ்டியை விரித்தால், விடிவதற்குள் பூ உதிர்ந்து கிடக்கும். மல்லிகை மலிவாகும். குழந்தைகளுக்குப் பரீட்சை முடியும். இத்தனையும் சேர்ந்துதான் நமது வசந்தம். அதைப் பார்க்கக் கல்லிடைக்குறிச்சியை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

நான் தங்கியது ஒரு சிநேகிதியின் பெரியம்மா வீட்டில். அக்கிரகாரத்து வீடுகளுக்கு அகலத்தை விட நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவர்களுக்குக் கேட்காது. அத்தனை பெரிய வீட்டில் வருஷத்தில் பதினோரு மாதம் குடியிருப்பது எழுபத்து நாலு வயது மாமி ஒருத்திதான். மூத்த பிள்ளை புனாவில், இளையவன் பெங்களூரில், பெண் சென்னையில். தெருவில் பல வீடுகளின் கதை இதுவே. சில வீடுகளில் பூட்டு மட்டும் குடியிருக்கிறது.

ஆனால் நான் போனபோது பங்குனி முடியச் சில நாட்களே இருந்தன. கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களில் பிசான அறுவடை முடிந்து, வெறும் தாள்கள் நின்றன. வீட்டிலோ நிற்க இடமில்லை! பிள்ளைகள், நாட்டுப்பெண்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"வா அம்மா, வா. காலை அலம்பிண்டு காப்பி சாப்பிடு. நாளைக்கு நாலு மணிக்கு எழுந்துக்கணும். விருந்தாளின்னு உனக்குச் சலுகை கிடையாது" என்று வரவேற்றாள் மாமி.

சொன்னபடியே நாலு மணிக்கு அடுப்பு எரிந்தது. பெரிய வெண்கலப் பானையில் தண்ணீர் கொதிக்க, உப்பும், அரைத்த பச்சை மிளகாயும், பெருங்காயமும் அதில் இறங்கின. ஊற வைத்த ஜவ்வரிசி வெந்து கண்ணாடியாக மின்னிய பிறகு அரிசி மாவு. இதற்கு மேல்தான் பரீட்சை. மாவைக் கட்டி தட்டாமல், அடி பிடிக்காமல், கை ஓயாமல் கிளற வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இறக்கி வைத்து எலுமிச்சம் பழம் பிழிந்ததும் கிளம்புகிறதே ஒரு வாசனை, அது தெரு முழுவதையும் எழுப்பிவிடும்.

துடுப்பைப் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? புனாவில் ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் மூத்த பிள்ளை! வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி கிளறினார்.

"நாற்பது வருஷம் இந்தத் துடுப்பு என் கையை விட்டுப் போகலை" என்றாள் மாமி என்னிடம் மெதுவாக. "ஆம்பிளைகள் எழுந்திருக்கறச்சே மாடியிலே வடாம் காய்ஞ்சுண்டிருக்கும். அது தானாக் காய்ஞ்சதுன்னு நினைச்சிருப்பா. போன வருஷம் எனக்குத் தோள் தூக்க முடியலை. இந்த வருஷம் வடாம் வேண்டாம்னு சொல்லிட்டேன். இவன்தான், 'நீ சொல்லு அம்மா, நான் கிளறறேன்'னான்."

'எளிய இன்பங்கள்' என்று நாம் எழுதிவிடுகிறோம். யாருடைய தோளில் ஏறி அந்த இன்பம் எளிதாயிற்று என்பதைப் பல சமயம் எழுதுவதில்லை. அன்று காலை அந்த அடுக்களையில் நாலு பேர் மாறி மாறிக் கிளறினோம். அப்போதுதான் எனக்கு அது உண்மையாகவே இன்பமாக இருந்தது.

பொழுது விடிவதற்குள் மாடியில் நனைத்த வேஷ்டிகள் விரிந்தன. மாமி நாழியைப் பிடித்து ஒரே சுற்றில் பூப்போலப் பிழிந்தாள். நான் பிழிந்தது எந்தப் பூவைப் போலவும் இல்லை. "பரவாயில்லை, எண்ணெயில் போட்டால் எல்லாம் ஒரே ருசிதான்" என்று இளைய நாட்டுப்பெண் சமாதானம் சொன்னாள்.

அதற்குப் பிறகு மாடி குழந்தைகளின் ராஜ்யம். ஒரு மூலையில் கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு, கையில் கம்போடு காக்கைக்கும் அணிலுக்கும் காவல். சம்பளம்? காலையில் ஒரு கிண்ணம் கூழ். மத்தியானம் பாதி காய்ந்த வடாம். திருட்டுக் காக்கைகளை விடக் காவல்காரர்கள் தின்றதே அதிகம் என்பது என் கணக்கு. புனாவிலிருந்து வந்த பத்து வயதுப் பேரன் முதல் நாள் அலைபேசியோடுதான் மாடிக்கு வந்தான். பங்குனி வெயிலில் அதன் முகம் தெரியவில்லை. கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவன், அணில் எந்தப் பக்கத்துச் சுவரால் ஏறுகிறது என்று கண்டுபிடிப்பதில் முனைந்துவிட்டான். கடைகளில் வடாம் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கிறதே என்று நான் கேட்டதற்கு மாமி சொன்னாள்: "வடாம் கிடைக்கும். காவல்காரா கிடைப்பாளோ?"

மத்தியானம் எதிர் வீட்டில் அப்பளம் இடுவதைப் பார்க்கப் போனேன். உளுத்தம் மாவில் உப்பும் அப்பளக் காரமும் சேர்த்து, எண்ணெய் தடவி இடித்து, நீளமாக உருட்டி, நூலால் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். இட்ட அப்பளம் நிழலில்தான் உலர வேண்டும். கடும் வெயில் பட்டால் நெளிந்துவிடுமாம். இந்த ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பதில் ஊரில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. கூலிக்கு இட வந்திருந்த ஒரு பெண்மணியின் கை, பேசும்போதும் நிற்கவில்லை.

"வேகமா இட்டா வட்டம் வராதுக்கா. நிதானமா இட்டா கூலி வராது" என்றாள் சிரித்துக்கொண்டே. மழை மாதங்களில் அப்பளம் உலராது, வேலையும் குறையும். குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு இந்த நாலு மாதத்து வெயிலில்தான் சேர்த்து வைக்க வேண்டும் என்றாள். ஒரு வீட்டுக்கு விளையாட்டாக வருகிற வெயில், அடுத்த வீட்டுக்கு வருமானமாக வருகிறது.

சாயங்காலம் ஆற்றுக் குளியல். பங்குனியில் தாமிரபரணி மெலிந்துதான் ஓடுகிறாள், ஆனாலும் ஓடுகிறாள். திரும்பி வந்ததும் பேத்திக்குப் பின்னலில் பூத் தைத்தார்கள். வாழைப் பட்டையில் மல்லிகை மொட்டுக்களை வரிசையாக வைத்துத் தைத்து, அதைப் பின்னலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், முடிந்ததும் முதுகை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு கண்ணாடிகளோடு வீடு முழுவதும் திண்டாடினாள்.

இரவு, வடாம் எடுத்த மாடியிலேயே நிலாச் சோறு. மாமி உருட்டி உருட்டிக் கையில் போட, பெரியவர்களும் வரிசையில் கை நீட்டினார்கள். அப்போதுதான் பேச்சு வந்தது. வீட்டை என்ன செய்வது?

பிள்ளைகள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓடு ஒழுகுகிறது, வருஷா வருஷம் செப்பனிட வேண்டியிருக்கிறது. அம்மா தனியாக இருக்கிறாள். ராத்திரியில் கால் தடுக்கி விழுந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துவிட்டும் போயிருக்கிறார். மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விக்கறதானா வித்துக்கோங்கோ. நான் குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா பங்குனி மாசம் எல்லாரும் எங்கே வந்து சேருவேள்னு அதை முதல்லே முடிவு பண்ணிண்டு வில்லுங்கோ" என்றாள்.

யாரும் பதில் பேசவில்லை. மாமியே பேச்சை மாற்றினாள். ஊர்க் குலசேகரமுடையார் கோயில் நடராஜர் விக்கிரகம் 1982-ல் களவு போயிற்று. கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் காட்சிசாலையில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2019-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது.

"சுவாமியே 37 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்துட்டார். உங்களுக்கு என்னடா, ரயில் இருக்கு!" என்றாள் மாமி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூத்த பிள்ளை மட்டும் சிறிது நேரம் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை முதல் தேதி விடியற்காலை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரும் கூடத்துக்கு அழைத்து வரப்பட்டோம். கண்ணைத் திறந்தால் எதிரே கனி: நிலைக் கண்ணாடி, மாம்பழம், வெள்ளரி, தேங்காய், பூ, நகை, காசு. மலையாளம் மலைக்கு அந்தப் பக்கந்தானே? அங்குள்ள விஷு இங்கே வீட்டு வழக்கமாகவே இருக்கிறது. பாபநாசத்தில் அன்று சித்திரை விசுத் தீர்த்தத்துக்குக் கூட்டம் தாங்காது. இலையில் முதலில் விழுந்தது மாங்காய்ப் பச்சடி. வெல்லமும், மாங்காயும், வறுத்த வேப்பம்பூவும் சேர்ந்தது. குழந்தைகள் வேப்பம்பூவை மட்டும் பொறுக்கி ஒதுக்கினார்கள். பெரியவர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்கள். கசப்பு பின்னால் தானே பழகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

இதற்கெல்லாம் கல்லிடைக்குறிச்சியில் பரம்பரை வீடு இருந்தால்தான் முடியும் என்பதில்லை. பட்டணத்துக் குடியிருப்புகளுக்கும் மொட்டை மாடி உண்டு. சாவி காவல்காரரிடம் இருக்கும், அவ்வளவுதான். நாலு குடித்தனக்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டினால் போதும். வீட்டு ஆண்களிடம் துடுப்பைக் கொடுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நான் புறப்படுகிற அன்று, கூடத்தில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. நாட்டுப்பெண் ஒவ்வொன்றின் மேலும் பெயரை எழுதி ஒட்டினாள்: புனா, பெங்களூர், சென்னை. என் பெயரிலும் ஒன்று இருந்தது. அதில் இருந்தவை நான் பிழிந்த கோணல் வடாம்கள் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கோடையைச் சென்னையில் பெண்ணோடு கழிக்க மாமி சம்மதித்திருந்தாள். வீடு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த முடிவு நான் கிளம்பும் வரை ஏற்படவில்லை. ஆனால் மாமி வாசல் கதவைப் பூட்டிச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஐப்பசி மழைக்கு ஓட்டை ஒரு தரம் பார்க்கச் சொல்லிடு. மாசி கடைசியிலே மாடியைப் பெருக்கி அலம்பி வை" என்றாள் எதிர் வீட்டம்மாளிடம்.

மூத்த பிள்ளை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். "அந்தத் துடுப்பையும் எங்கேயாவது பத்திரமா வைக்கச் சொல்லு, அம்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.