அழாதே எனச் சொன்ன நாள்



தீபாவளிக்கு மறுநாள் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தந்தையோடு வீட்டிற்கு வந்திருந்தாள். சிறிய தனியார் கல்லூரி ஒன்றில் உளவியல் படிக்கிறாளாம். தந்தைக்கோ அதில் மனநிறைவில்லை. "பைத்தியத்திற்கு வைத்தியம் பார்க்கும் படிப்பாம் டீச்சர். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

நானும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்தவள்தான். பியாஜேயின் நான்கு வளர்ச்சிப் படிநிலைகளை வரிசை மாறாமல் எழுதித் தேர்வில் தேறினேன். அத்துடன் சரி. ஆகவே, வகுப்பில் என்னதான் கற்றுத் தருகிறார்கள் எனக் கேட்டேன்.

"பதினைந்து பேர்தான் டீச்சர். இருவர் இருவராக அமர்வோம். ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர் அறிவுரை கூறாமல் கேட்க வேண்டும். என் முறை வந்தபோது அம்மாவைப் பற்றிப் பேசினேன். அன்றுதான் முதன்முதலாக அழுதேன்" என்றாள்.

அவள் ஐந்தாம் ஆண்டில் பயின்றபோது தாயார் காலமானார். ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தவளை அருகில் அழைத்து, "அழாதே. நன்றாகப் படி. அதுதான் அம்மாவுக்குப் பெருமை" என்றேன். நல்லதைச் சொன்னதாகவே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அவளும் அழவில்லை, நன்றாகப் படித்தாள்.

"நீங்கள் அன்பாகத்தான் சொன்னீர்கள் டீச்சர்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் தந்தை முறுக்குத் தட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, "இன்னும் எத்தனை ஆண்டு படிக்க வேண்டும்?" என்று மகளிடம் கேட்டார்.

பெற்றோர்கள் அறிய வேண்டிய செய்தி இது. நம் நாட்டில் உளவியல் பட்டம் பெற்றவுடன் சிகிச்சையாளராகிவிட இயலாது. ஆலோசகராக விரும்புவோர் ஆலோசனைத் துறையில் தனித் தகுதி பெற்று, 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிந்துகொள்ள வேண்டும். மருத்துவ உளவியலாளராவதற்கு முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் தேவை. நீண்ட பாதைதான், பொறுமையும் பொருளும் வேண்டும்.

அவர்கள் சென்றபின் கார்ல் ரோஜர்ஸைப் பற்றிப் படித்தேன். பிறர் துன்பத்தை அவர் நிலையிலிருந்து உணர்தல், நிபந்தனையின்றி ஏற்றல், போலியின்றி இருத்தல் ஆகியவற்றை அவர் 1957இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்துகிறார். அப்பட்டியலில் அறிவுரை இல்லை.

சென்ற வாரம் ஓய்வு வேளையில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தனியே அழுதுகொண்டிருந்தான். அருகில் அமர்ந்தேன். "அழாதே" என்னும் சொல் நாவின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். மணியடிக்கும் முன்னர் அவனே பேசத் தொடங்கினான்.