கார்டு ஃபார்மட் அடிக்கும் முன்

எங்கள் ஸ்டூடியோவில் புதிதாகச் சேரும் பையனிடம் உடனே கேமராவைக் கொடுப்பதில்லை. முதலில் கார்டு இறக்கப் பழக வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும் எல்லாக் கேமராவின் கார்டுகளையும் வாங்கி, எண்ணி, கம்ப்யூட்டரில் இறக்கி, இரண்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, திறந்து பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அவனுக்கு அன்றைய வேலை முடியாது. பல பையன்களுக்கு இது பிடிப்பதில்லை. கேமரா பிடிக்க வந்தவனைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டதாக நினைத்து முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். தாலி கட்டுவதை நன்றாக எடுக்கிறவர்கள் இந்தப் பாளையங்கோட்டையிலேயே நிறையப் பேர் உண்டு. எடுத்ததை இருபது வருடம் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறவர்கள் குறைவு. அந்தக் குறைந்த கூட்டத்தில் ஒருவனாக இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

எனக்கு இந்தப் பழக்கம் ஃபிலிம் காலத்தில் வந்தது. எனக்கு வேலை பழக்கிய அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஒரு ரோலில் 36 ஃபிரேம். கழுவிக் காய்ந்ததும் ஆறு ஆறாக வெட்டுவார். ஆறு துண்டு. ஒவ்வொரு துண்டையும் ஓரத்தில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாக எண்ணுவார். அதன் பிறகுதான் கவருக்குள் போகும். கவரின் மேல் நம்பர், தேதி, வீட்டுப் பெயர், மண்டபம், எத்தனை ரோல். அதே நம்பர் சிவப்பு அட்டை போட்ட ரிஜிஸ்டரிலும் ஏறும். நான் நேரே கவரில் போடப் போனால், “எலே, எண்ணிப் பாத்தியா? கண்ணால பாக்காம உள்ள போட்டா அது இருக்குன்னு எப்படிச் சொல்லுவ?” என்பார். நெகடிவ் போய், சிடி வந்து, டிவிடி வந்து, ஹார்ட் டிஸ்க் வந்த பிறகும் நான் செய்துகொண்டிருப்பது அவர் டியூப் லைட்டுக்கு நேரே செய்த அதே வேலைதான்.

கார்டிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு கார்டுக்கும் பெயின்ட் மார்க்கரால் நம்பர் போடுங்கள். காலி கார்டு பர்ஸில் முகம் மேலே பார்க்க இருக்கும். எடுத்து முடித்த கார்டு கவிழ்ந்து இருக்கும். முகூர்த்த அவசரத்தில் மூளை வேலை செய்யாது, கைதான் செய்யும். கைக்கு இந்தப் பழக்கம் இருந்தால் எடுத்த கார்டு மறுபடியும் கேமராவுக்குள் போகாது. இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில், முதல் கார்டு நிறைந்ததும் இரண்டாவதுக்குத் தாவும்படி வைக்காமல், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வையுங்கள். மண்டபத்தில் உட்கார்ந்து கேமராவிலேயே சரியில்லாத படங்களை அழிக்காதீர்கள். அரை நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய், அவசரத்தில் நல்ல படத்தின் மேல் விரல் விழுந்துவிடும். சிவப்பு விளக்கு அணையாமல் கார்டை உருவுவதும் கூடாது.

இரண்டு மூன்று கேமரா போகும் வேலையில் இன்னொரு சின்னக் காரியம் உண்டு. மண்டபத்துக்குள் நுழைந்ததும், நொடி ஓடும் கடிகாரத்தை ஒரு செல்போனில் திறந்து வைத்து, எல்லாக் கேமராவிலும் அதை ஒரு படம் எடுத்துக்கொள்வோம். கேமரா கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒன்று நாலு நிமிடம் முந்தும், இன்னொன்று பிந்தும். பிறகு லைட்ரூம் மென்பொருளில் இந்த ஒரு படத்தை வைத்து நேரத்தைத் திருத்திவிட்டால், மாலை மாற்றுவதும் அதே நொடியில் பெண்ணின் அம்மா முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். செய்யாவிட்டால் ஆல்பம் போடுகிறவன் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

இறக்கும்போது கட்-பேஸ்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. காப்பி மட்டும்தான். 2012-ல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது, பக்கத்து ஊர் ஸ்டூடியோ ஒன்றில் பாதி கட்-பேஸ்டில் கரன்ட் போய், கார்டிலும் கம்ப்யூட்டரிலும் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். நல்ல கார்டு ரீடர், நல்ல யூபிஎஸ் இரண்டும் லென்ஸுக்கு முன்பே வாங்க வேண்டியவை. காப்பி முடிந்ததும் கார்டு ஃபோல்டரையும் இறக்கிய ஃபோல்டரையும் ரைட் கிளிக் செய்து, ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்க்கும் வசதி உண்டு. காப்பி செய்த ஒவ்வொரு ஃபைலையும் மறுபடியும் படித்து மூலத்தோடு ஒப்பிடும். நேரம் கூடத்தான் ஆகும். ஆகட்டும்.

இனிதான் டியூப் லைட் வேலை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் படம் கெட்டிருக்கலாம். கெட்ட படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே மணமகன் நெற்றி, பட்டை, கண் எல்லாம் தெளிவாக இருக்கும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல். சிலதில் கோட்டுக்குக் கீழே படம் ஒரு பக்கமாக நகர்ந்து, ஊதா நிறம் அடித்திருக்கும். ஜேபெக் படம் மேலிருந்து கீழாக விரிகிறது. நடுவில் கொஞ்சம் தகவல் அறுந்தால் அதற்கு மேலே உள்ளது தப்பிக்கும், கீழே உள்ளது போய்விடும். ரா ஃபைலில் ஏமாற்று இன்னும் அதிகம். கேமரா ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் ஒரு ஜேபெக் படத்தையும் பொதிந்து வைக்கிறது. ஃபோல்டரில் நாம் பார்க்கும் குட்டிப் படம் பெரும்பாலும் அதுதான். உள்ளே ரா கெட்டுப்போயிருந்தாலும் குட்டிப் படம் பளிச்சென்று சிரிக்கும். அதனால் லைட்ரூமில் ஏற்றியதும் முழு அளவு பிரிவியூ கட்டச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு ராவையும் அது உண்மையாகவே விரித்தாக வேண்டும். பிறகு ஒரு பையன் உட்கார்ந்து அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போவான். சாம்பல் கண்ணில் பட்டால் கார்டு இன்னும் கையில் இருக்கிறது, மறுபடியும் இறக்கலாம். ஃபார்மட் அடித்துவிட்டால் இந்த வழி அடைத்துவிடும். ரா மட்டும் கெட்டு, உள்ளே பொதிந்த ஜேபெக் தப்பியிருந்தால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளை வைத்து அதைப் பிரித்தெடுக்கலாம். ஆல்பத்தில் சின்னதாக வைக்கும் அளவுக்கு உதவும்.

பெயர் வைப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கேமராவின் எண் 9999 போனதும் மறுபடியும் 0001-க்குத் திரும்பும். ஒரே கம்பெனியின் இரண்டு கேமரா இருந்தால் ஒரே பெயரில் இரண்டு வேறு படம் வந்து நிற்கும். “இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?” என்று கம்ப்யூட்டர் கேட்கும், தூக்கக் கலக்கத்தில் பையன் சரி என்று அழுத்துவான். இறக்கும்போதே வருடம், மாதம், நாள், நேரம், கேமரா எழுத்து என்று பெயர் மாற்றிவிட்டால் இந்த வம்பு இல்லை. ஃபோல்டருக்கும் வருடம்தான் முதலில். அப்போதுதான் வரிசை தானாக நிற்கும். பிறகு வீட்டுப் பெயர், மண்டபம். சிவப்பு ரிஜிஸ்டரில் இருந்த அதே வரிசை.

லைட்ரூமைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூடும்போது அது பேக்கப் எடுக்கவா என்று கேட்கும். அது எடுப்பது கேட்டலாக்கை மட்டும். நீங்கள் செய்த கலர் கரெக்‌ஷன், கொடுத்த ஸ்டார் எல்லாம் அதில் இருக்கும். படம் ஒன்றுகூட இருக்காது. எங்களிடம் பழகிப் போய்த் தனிக்கடை வைத்த ஒரு தம்பி, வாரா வாரம் பேக்கப் எடுப்பதாக நிம்மதியாக இருந்தான். டிஸ்க் போன அன்று ஓடி வந்தான். கேட்டலாக்கைத் திறந்தால் எல்லாப் படத்தின் மேலும் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியுமாக நின்றது. நல்ல வேளையாக, ஆல்பத்துக்காக லேபுக்கு அனுப்பிய ஜேபெக்குகள் லேப்காரரிடம் அழியாமல் இருந்தன.

கணக்கைச் சொல்கிறேன், அப்போதுதான் டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்று தெரியும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா 25 முதல் 30 எம்பி வரும். இரண்டு பேர் சேர்ந்து நாலாயிரம் படம் எடுத்தால் அதுவே 100 ஜிபியைத் தாண்டும். நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே வீடியோ ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒரு கல்யாணம் 300 ஜிபி ஆவது இப்போது அதிசயமில்லை. சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதினால் இதற்கு 50 நிமிடம் ஆகும். அதையே 50 மெகாபிட் அப்லோடு வேகத்தில் இணையத்தில் ஏற்ற 13 மணி நேரத்துக்கு மேல். அதனால் கிளவுடில் நாங்கள் ஏற்றுவது தேர்ந்தெடுத்த ஜேபெக்கும் ஆல்பம் பக்கங்களும் கேட்டலாக்கும் மட்டுமே. கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாமல் சும்மா ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது.

டிஸ்க் வாங்கிய அன்றே தேதியை மார்க்கரால் அதன் மேல் எழுதுவேன். ஒரே நாளில் ஒரே மாடலில் இரண்டு வாங்க மாட்டேன். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே போகக்கூடும். டிஸ்க்கின் நிலையை நிறத்தில் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் மாதம் ஒரு தடவை பார்ப்பேன். நீலம் மஞ்சளானால் அன்றே அதிலிருந்து எல்லாம் இடம் மாறும், கேள்வியே கிடையாது. டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்கிற ஆசைதான் உள்ளே தட்டைச் சுரண்டுகிறது. எஸ்எஸ்டி எடிட்டிங்குக்கு அருமையான பொருள். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைக்க அதை நம்ப மாட்டேன். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு போட்ட நாஸ் வாங்கிவிட்டோம், இனிப் பேக்கப் வேண்டாம் என்று சில கடைக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் கடை ஓடும், அது உண்மை. பையன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியுமே, அதற்கு ரெய்டு என்ன செய்யும்?

தப்பித்தவறி ஃபார்மட் அடித்த கார்டோடு யாராவது வந்தால் முதல் கேள்வி, அதன் பிறகு அதில் எடுத்தாயா என்பதுதான். எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் நம்பிக்கை உண்டு. வழக்கமான ஃபார்மட்டில் அட்டவணைதான் அழிகிறது. மேலே வேறு எழுதும்வரை படம் உள்ளேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அட்டவணையைத் தேடாமல் ஒவ்வொரு ஃபைலின் தொடக்க அடையாளத்தைத் தேடி அள்ளிக்கொண்டு வரும். பழைய பெயர் இருக்காது, படம் இருக்கும். அழித்தது எஸ்எஸ்டியில் என்றால் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது.

மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வெளியிடத்தில் என்ற கணக்கை பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எழுதிப் பரப்பினார். எங்களுக்கு அதன் மூன்றாவது பகுதியைத் தாமிரபரணி சொல்லிக்கொடுத்தது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த அந்த மழையில், ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறி வந்தது. தெரிந்த ஒருவரின் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரும் இரண்டு பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையின் கீழ் இருந்தன. ஒழுங்காக இரண்டு பிரதி எடுக்கிறவர் அவர். மூன்றும் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. காய வைத்துப் போட்டுப் பார்க்கிறேன் என்றவரைத் தடுத்து, வெயிலிலும் வைக்காதீர்கள், கரன்டும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி ரெக்கவரி லேபுக்கு அனுப்ப வைத்தோம். ஒரு டிஸ்க்கில் கொஞ்சம் கிடைத்தது. அந்தச் செலவுக்குப் புது டிஸ்க் பல வாங்கியிருக்கலாம். எங்கள் வெளியூர்ப் பிரதி தென்காசியில் மச்சினன் வீட்டு பீரோவின் மேல்தட்டில், காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. மாதம் ஒரு தடவை யாராவது போய் வருவோம். புது டிஸ்க்கை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவோம்.

வாடிக்கையாளரிடமும் பென் டிரைவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. அவர்கள் எதிரிலேயே திறந்து காட்டுவோம். எவ்வளவு காலம் எங்களிடம் இருக்கும் என்று பில்லில் எழுதிக் கொடுப்போம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்றும் சொல்வோம்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஊரில் பல ஸ்டூடியோக்கள் வெறிச்சோடும் அந்த மாதம்தான் எங்களுக்குப் பெரிய வேலை. ஐந்து வருடம் தாண்டிய டிஸ்க்குகளைத் தேதி பார்த்துப் பிரித்து, புதியதற்கு மாற்றுவோம். மாற்றி முடித்ததும் பழைய வருடங்களில் கண்ணை மூடிக்கொண்டு சில ஃபோல்டர்களைத் தொட்டுத் திறப்போம். 2005 வாக்கில் டிவிடியில் எரித்து வைத்தவை பல இன்று படிக்கவே வராது. பளபளவென்றுதான் இருக்கும், மேலே ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு பக்கம் இழுத்து வளைந்திருக்கும், அல்லது உள்ளே சாயம் மங்கியிருக்கும். அவை படிக்கும் நிலையில் இருந்தபோதே ஓர் ஆடியில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றிவிட்டோம். இப்போது வாங்கும் லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது. வரும் ஆடியிலும் இந்த மாற்றும் வேலை உண்டு. வேலை பழக விரும்புகிறவர்கள் அந்த மாதம் வந்து சேருங்கள். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.