ஏழு நாள் வனாந்தரம்



"வனாந்தரம்" என்ற சொல்லை வேதத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். இஸ்ரவேல் ஜனங்கள் நாற்பது வருஷம் நடந்த இடம். எலியா களைத்துப் படுத்த இடம். யோவான்ஸ்நானன் பிரசங்கித்த இடம். நம் ஆண்டவர் நாற்பது நாள் உபவாசித்த இடம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இருவரும் பெங்களூரில் பிறந்தவர்கள். அவர்களுக்கு வனாந்தரம் என்றால் வனம். அதாவது பன்னேருகட்டாவைப்போன்ற அடர்ந்த காடு. என் மாமியாருக்கோ அது சாத்தான்குளத்துக்கு அருகே உள்ள தேரிக்காடு. சிவந்த மணலும் பனைமரமும் முட்செடியுமாக, வெறுங்காலை வைத்தால் சுடும் நிலம். ஒரே வீட்டில், ஒரே வேதாகமத்தை வாசிக்கிற எங்களுக்குள் இரண்டு வனாந்தரங்கள்!

வேதத்தில் சொல்லப்படும் வனாந்தரம் அடர்ந்த காடு அல்ல. அது பாறையும் பள்ளத்தாக்கும், கொஞ்சம் மழையும், ஆடு மேய்க்க அங்கங்கே சிறிது புல்லும் உள்ள வறண்ட நிலம். இதைப் பார்க்கவேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. எருசலேம் யாத்திரை போகவேண்டும் என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கே ஒரு லட்சத்துக்குமேல் ஆகும் அந்தப் பயணம் எங்கள் குடும்பத்தின் கைக்கு எட்டாததாயிருந்தது. 2023 அக்டோபரில் அங்கே யுத்தம் மூண்டபின் அவர்கள் அதைப்பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்கள்.

இந்த வருஷம் வேறொரு காரியம் எங்களை அவசரப்படுத்தியது. சர்க்கரை நோயினால் அவர்களுடைய விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதுபட்டிருக்கின்றன. லேசர் சிகிச்சை அளித்தார்கள். அது மீதியிருக்கும் பார்வையைக் காப்பதற்கே; போன பார்வையை அது திரும்பத் தராது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சுகத்துக்காக நாங்கள் ஜெபிக்கிறோம். சபையாரும் பாரத்தோடு ஜெபிக்கிறார்கள். ஆயினும் காண்கிற கண் இருக்கும்போதே காட்டவேண்டியதைக் காட்டிவிடவேண்டும் என்ற எண்ணம் என் கணவருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் உண்டாயிற்று. அப்படி உருவானதுதான் இந்த ஏழு நாள் பயணத் திட்டம். வருகிற தசரா விடுமுறையில், கர்த்தருக்குச் சித்தமானால், புறப்படுகிறோம்.

ஊரிலிருந்து என் கொழுந்தனார் தொலைபேசியில் வருத்தப்பட்டார். "வயதான காலத்தில் அம்மாவுக்குக் கல்லையும் மண்ணையுமா காட்டப்போகிறீர்கள்? அந்தப் பணத்துக்கு ஊருக்குக் கூட்டிவந்தால் நாலு சொந்தக்காரரைப் பார்ப்பார்களே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நகரத்துக்குப் பிழைக்க வந்த நம்மில் அநேகருக்கு விடுமுறை என்றாலே ஊர்தான். என் மாமியார் தொலைபேசியை வாங்கி, "ஊரை நான் கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பேன் ஐயா. பார்க்காததை அல்லவா இப்போது பார்க்கவேண்டும்" என்றார்கள். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

விசுவாசமும் திட்டமும்

"கர்த்தர் நடத்துவார், புறப்படுங்கள், எதற்கு இவ்வளவு கணக்கு?" என்று கேட்ட சகோதரிகளும் உண்டு. அவர்களுக்கு எண்ணாகமம் 10-ஆம் அதிகாரத்தை நினைவூட்டினேன். பகலில் மேகமும் இரவில் அக்கினியும் முன்சென்ற ஜனம் அது. ஆயினும் மோசே ஓபாபைத் தங்களோடு வரும்படி வருந்தி அழைக்கிறார். வனாந்தரத்தில் எங்கே பாளயமிறங்கலாம் என்பதை அறிந்தவர் அவர். ஜனத்துக்குக் கண்களாக இருக்கக்கூடியவர். மேகஸ்தம்பம் இருந்தும் வழி அறிந்தவரின் துணையை மோசே அற்பமாக எண்ணவில்லை. அப்படியிருக்க, திட்டமிடுவது அவிசுவாசமாகுமா?

நம் அருகே உள்ள வனாந்தரம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஒன்றரைக் கிலோமீட்டருக்குமேல் ஆழமுள்ளது. அங்கே வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் கார் ஓட்டிக்கொண்டு அந்தப் பாலைநிலங்களைச் சுற்றிவருவதைக் கேள்விப்படுகிறோம். அந்த அளவுக்குப் பெரியது இல்லாவிட்டாலும், பெங்களூரிலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நமக்கும் ஒன்று உண்டு. அதுதான் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்கு அருகே இருக்கும் கண்டிகோட்டா. எர்ரமலைக் குன்றுகளைப் பென்னா ஆறு அறுத்து, செங்குத்தான சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது.

இந்தப் பென்னா எங்கே பிறக்கிறது தெரியுமா? விடுமுறை நாளில் நம் வாலிபர்கள் சூரியோதயம் பார்க்கப் போகும் நந்திமலைப் பகுதியில்தான்! அங்கிருந்து வடக்கே போய், இராயலசீமையைக் கடந்து, 597 கிலோமீட்டர் ஓடி நெல்லூர் அருகே கடலில் சேருகிறது. அதே மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணையோ தெற்கே திரும்பி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நம் தமிழ்நாட்டுக்குள் வந்து கடலூர் அருகே கடலை அடைகிறது. ஒரே மலையில் பிறந்து இரு திசைகளில் பிரிந்துபோன சகோதரிகள்! பிழைப்புக்காகத் திசைக்கொருவராய்ப் பிரிந்த குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்.

நாள்வாரியாகத் திட்டம்

வியாழக்கிழமை காலை புறப்பாடு. சிக்கபள்ளாபூர், பாகேபள்ளி, கோரண்ட்லா வழியாகக் கதிரி. அருகே திம்மம்மா மர்ரிமானு என்னும் ஆலமரம் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து ஏக்கர் பரப்புக்கு நிழல் விரிக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள். 1989-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழையே பெய்யும் சீமையில் அப்படி ஒரு நிழல்! அன்று இரவு கதிரியில் தங்கல்.

வெள்ளிக்கிழமை புலிவெந்துலா, ஜம்மலமடுகு வழியாகக் கண்டிகோட்டா. மாலை ஒரு முறையும் மறுநாள் அதிகாலை ஒரு முறையும் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். விழித்திரை பழுதானவர்களுக்கு நண்பகல் வெளிச்சம் கண்ணைக் கூசச்செய்யும். ஆகையால் இந்த நேரங்கள். விளிம்பில் தடுப்புக் கம்பிகளை எதிர்பார்க்கக்கூடாது. கடைசிப் பாறைவரை மாமியாரை நடத்தாமல், சற்றுப் பின்னாலேயே சமதளத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கத் தீர்மானித்திருக்கிறோம். மடக்கு நாற்காலி ஒன்று வாங்கியாயிற்று.

சனிக்கிழமை பேலம் குகைகள். 3,229 மீட்டர் நீளமுள்ள சுண்ணாம்புக்கல் குகைகள் இவை. 1884-ல் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் இவற்றைக்குறித்து எழுதினார். 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தாவீது ஒளிந்திருந்த அதுல்லாம் குகையைப் பிள்ளைகள் இனி வேறு விதமாய் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். உள்ளே படிகளும் புழுக்கமும் இருளும் உண்டு. எனவே பிள்ளைகள் தகப்பனோடு உள்ளே போவார்கள். நானும் மாமியாரும் வெளியே நிழலில் இருப்போம். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமலிருந்தால் பாதிச் சண்டை குறையும். பின்பு தாடிபத்ரி, குத்தி வழியாகப் பல்லாரி. குத்திக் கோட்டையைக் கீழிருந்தே பார்ப்போம். சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1827-ல் பத்திகொண்டாவில் காலராவினால் மரித்தபோது முதலில் அடக்கம்பண்ணப்பட்டது இந்தக் குத்தியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பல்லாரியில். விடுமுறைக்காக ஓய்வுநாளைத் தள்ளிவைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஹேண்ட்ஸ் 1810-ல் வந்து, ஊழியம் செய்து, வேதத்தைக் கன்னடத்தில் மொழிபெயர்க்கப் பாடுபட்ட ஊர் அது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் படித்த கன்னடம் உண்டு, மாமியாருக்கு இல்லை. ஆனாலும் அல்லேலூயாவுக்கும் ஆமெனுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லையே! மதியம் 60 கிலோமீட்டர் ஓட்டம், ஓசபேட்டையில் இரவு.

திங்கட்கிழமை ஹம்பி. 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப்பின் பாழான விஜயநகரத்தின் தலைநகரம். பாறைகளுக்கு நடுவே கிடக்கும் அரண்மனை மேடைகளையும் கடைவீதிகளையும் கண்டால், மனிதர் கட்டும் இராஜ்யங்களைப்பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை துங்கபத்ரா அணை. 1953-ல் கட்டிமுடித்த இந்த அணையின் தண்ணீர் வறண்ட நிலத்தை எப்படி வயலாக்கியது என்பதைப் பார்த்தபின், சித்திரதுர்க்கா. புதன்கிழமை அதிகாலையில் சித்திரதுர்க்காக் கோட்டையின் கீழ்ப்பகுதியைமட்டும் பார்த்துவிட்டு, 200 கிலோமீட்டர் கடந்து, விளக்கு வைக்குமுன் வீடு. மொத்தம் சுமார் 1,000 கிலோமீட்டர். வழியில் ஐவருக்கும் இடம், உணவு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். மாதந்தோறும் சேர்த்த பணம், கடன் இல்லை.

வழிக்கு எங்கள் ஒழுங்குகள்

முதலாவது, இருட்டியபின் கார் ஓட்டுவதில்லை. 2022-ஆம் ஆண்டில்மட்டும் நம் தேசத்தின் சாலைகளில் 1,68,491 பேர் மரித்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. பண்டிகைக்கு ஊருக்குப் போய், மறுநாள் வேலைக்கு வந்துவிடவேண்டும் என்று இரவெல்லாம் ஓட்டிவருகிற நம் குடும்பங்களை நினைக்கிறேன். சோர்ந்துபோன எலியாவுக்குத் தேவதூதன் முதலில் உபதேசிக்கவில்லை. உறங்கவிட்டான், பின்பு அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). ஓட்டுநருக்குத் தூக்கம் தேவன் கொடுக்கும் ஈவு.

இரண்டாவது, தண்ணீர். அமெரிக்கப் பாலைநிலங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் வைத்திருக்கச் சொல்லுகிறார்கள். எங்களுக்கும் அதே கணக்கு: 20 லிட்டர் கேன் ஒன்று, தினமும் புதிதாக. ஏப்ரல், மே மாதங்களில் இராயலசீமையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது முதியவர்களையும் சிறுவர்களையும் அழைத்துப் போகாதீர்கள்.

மூன்றாவது, மருந்து. இன்சுலினை நிறுத்திவைத்த காருக்குள் விட்டுப் போகலாகாது. கொதிக்கும் காரில் அது வீரியம் இழந்துவிடும். நேரடியாகப் பனிக்கட்டியின்மேலும் வைக்கலாகாது, உறைந்தால் பயன்படாது. குளிர்ப்பையில், துணி சுற்றி, கையோடு கொண்டுபோவோம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸ் தனியே என் பையில் இருக்கும். உணவு வேளை தவறாதபடி, எந்த ஊரில் மதியச் சாப்பாடு என்பதை முன்கூட்டியே குறித்தாயிற்று.

நான்காவது, வண்டி. டயர்களையும் மாற்று டயரையும் புறப்படுமுன் பார்ப்பது. பெட்ரோல் பாதிக்குக் குறையுமுன் நிரப்புவது. ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை கையில் இருப்பது. அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033. இவ்விரண்டு எண்களையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

வாசகர்களே, இந்தத் திட்டத்தில் ஒரு காரியத்தைமட்டும் நாங்கள் எழுதிவைக்க இயலவில்லை. கண்டிகோட்டாவின் சிவந்த பாறைகளுக்குமுன் அந்த நாற்காலியில் உட்காரும்போது, என் மாமியாருக்கு எவ்வளவு தெரியும்? பாறையின் நிறம்மட்டுமா, ஆற்றின் கோடும் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது. சென்ற வாரம் குடும்ப ஜெபத்தில் என் மகள் இதைக் கேட்டேவிட்டாள். "பாட்டி, உங்களுக்கு அங்கே சரியாகத் தெரியாவிட்டால்?" மாமியார் அவள் தலையைத் தடவி, "நீ பார்த்துச் சொல்லு கண்ணு, நான் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்கள்.

அன்றிலிருந்து என் மகள் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறாள். பாறை, பள்ளம், நிழல், முள், சுனை, மேய்ச்சல் என்று தமிழ்ச் சொற்களைப் பாட்டியிடமே கேட்டு எழுதிக்கொள்கிறாள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமுமாய் வளர்ந்த பிள்ளை, தான் காணப்போவதைப் பாட்டிக்குச் சொல்லவேண்டுமே என்பதற்காகத் தமிழ் கற்கிறாள். வண்டி இன்னும் புறப்படவில்லை. ஆனாலும் கர்த்தர் இந்தப் பயணத்தின் முதல் நன்மையை எங்கள் வீட்டுக்குள்ளேயே தந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் முதியவர்கள் இருக்கிறார்களா? நீண்ட பயணம் கூடாவிட்டாலும், அவர்கள் பார்க்க ஆசைப்பட்ட ஓரிடம் எது என்று இன்று கேட்டுப்பாருங்கள். ஒரு நாள் பயணமானாலும் திட்டமிடுங்கள், ஜெபியுங்கள், பகலில் புறப்படுங்கள். எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் ஆகாருக்குத் துரவைக் காட்டின தேவன் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.