அண்ணாச்சி கடைப் பற்று

மார்ச் மாதம் வந்துவிட்டால் பெரியம்மை வீட்டுத் திண்ணையில் இரவு வெகுநேரம் விளக்கு எரியும். எங்களுக்குப் பரீட்சை, அவளுக்கு ஆடிட்டர் கணக்கு. பாயை விரித்து, ரசீதுகளையும் வவுச்சர்களையும் மாதவாரியாக அடுக்குவாள். காற்றில் பறந்துவிடாமல் ஒவ்வொரு அடுக்கின்மேலும் ஓர் அளவைப் பாத்திரத்தைத் தூக்கி வைப்பாள்: படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு. பகலில் காப்பகத்துப் பிள்ளைகளுக்குப் பயறு அளந்த பாத்திரங்கள் அவை. நான் வாசிப்பேன், அவள் எழுதுவாள். பாசிப்பயறு மூன்று கிலோ. வெல்லம் இரண்டு கிலோ. மண்ணெண்ணெய் ஐந்து லிட்டர். கூட்டுத்தொகைக்குக் கீழே கோடு கிழித்ததும் பேனாவை மூடிவிட்டு, “அண்ணாச்சிக்கு இன்னும் எவ்வளவுட்டீ நிக்கி?” என்று கேட்பாள்.

அந்தப் பாக்கியை எழுத அரசாங்கப் படிவத்தில் இடம் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது.

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல் சிலருக்கு உண்டு. மற்ற வீடுகளில் எல்லாம் பீடிதான். நடையில், முற்றத்தில், வேப்பமரத்தடியில் பெண்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். தட்டில் ஒரு பக்கம் நனைத்து வெட்டிய இலை, மறுபக்கம் புகையிலைத் தூள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, ஆகவே கை நிற்கக் கூடாது. பால்குடிப் பிள்ளை ஒரு தொடையில் கிடக்கும், தட்டு மறு தொடையில் இருக்கும். தவழ்கிற வயதில் தூளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வாந்தியெடுத்த பிள்ளைகளை எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. பெற்றவள் ஓடிவந்து வாயைக் கழுவிவிட்டு, ஒரு அடியும் போட்டுவிட்டு, அழுதுகொண்டே மறுபடி தட்டை எடுப்பாள். சாயந்தரம் கடைக்குக் கட்டுக் கொண்டுபோக வேண்டுமே.

பீடித் தொழிலாளருக்கென்று 1966இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் தொழிற்கூடத்தில், அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. நல்ல சட்டம்தான். எங்கள் பெண்கள் தொழிற்கூடத்தில் உட்காரவில்லை என்பதுதான் விஷயம். இலையையும் தூளையும் எடைபோட்டு வாங்கிவந்து வீட்டில் சுற்றினார்கள். வீட்டை அந்தப் பிரிவு எட்டவில்லை. முதலாளி கொடுக்க வேண்டியிராத அந்த அறையை ஊர் மாதர் சங்கம் தன் ஓட்டுக் கட்டடத்தில் கொடுத்தது. பெயர்ப் பலகையில் ‘குழந்தைகள் காப்பகம்’, ஊர் வாயில் பால்வாடி. 25 பிள்ளைகள். பாலசேவிகா பயிற்சி முடித்திருந்த பெரியம்மை டீச்சர். சமைக்கவும் கழுவிவிடவும் ஓர் ஆயா.

உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். எல்லாம் பிள்ளைகளின் அம்மாக்கள் கொடுத்த பழஞ்சேலைகள். துவைத்துக் காயப்போட்டபின் எது யாருடையது என்று ஆயாவுக்குத் தப்பவே தப்பாது. மாற்றிக் கட்டினால் பிள்ளை தூங்காது என்பாள். முதல் ஒரு வாரத்துக்குச் சேலையைத் துவைக்காமல் கொடுங்கள் என்று புதிதாகச் சேரும் பிள்ளையின் தாயிடம் கேட்டு வாங்குவாள். இதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கும், நோயுற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கும் காப்பகம் நடத்த மத்திய அரசு 1975இல் ஒரு திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதிதான் பிறந்தது. அங்கன்வாடியை அரசே நடத்தியது. காப்பகத்தை நடத்த மட்டும் மத்திய சமூக நல வாரியம் போன்ற அமைப்புகளின் வழியாக ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் கொடுத்தது.

அந்த வாரியத்தின் தொடக்கத்தில் நமக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். சென்னையில் ஆந்திர மகிளா சபாவை வளர்த்தெடுத்த துர்காபாய் தேஷ்முக்தான் 1953 ஆகஸ்டில் அமைந்த வாரியத்தின் முதல் தலைவர். தொண்டு அமைப்புகளுக்கு உதவ முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 4 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது அந்தத் தெருப் பெண்களுக்குத் தெரியும், அரசு அவர்கள் கையில் பணத்தைக் கொடுக்கட்டும் என்ற எண்ணம் அதற்கு அடியில் இருந்தது. நான் அதை இன்றைக்கும் முழுசாக நம்புகிறேன். எந்த அப்பன் குடித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்ப்பான், எந்தத் தாய் காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டாள், எந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் பெரியம்மைக்குத் தெரியும். பீடிக்கடையில் கட்டு எடுக்க நேரமானால் பால்வாடிக் கதவும் திறந்தே கிடக்கும். மாற்றலாகி வந்து மாற்றலாகிப் போகிற ஓர் அதிகாரிக்கு, எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இதெல்லாம் பிடிபட நாளாகும்.

எண்ணம் சரி. பணம் வந்த விதம்தான் எங்களை வதைத்தது. தவணை தவணையாக வரும். முந்தைய தவணைக்கு ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கும் யூ.சி. என்று எல்லாரும் சொல்லும் பயன்பாட்டுச் சான்றும் போய்ச் சேர வேண்டும். அவை சரிபார்க்கப்பட வேண்டும், ஆய்வுக்கு ஆள் வர வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. ஆடியில் வர வேண்டிய பணம் தையில் வரும். சில வருஷம் மார்ச் கடைசியில் மொத்தமாக வந்து விழும். அதற்குள் செலவு முழுவதும் கடனில் நடந்து முடிந்திருக்கும். கணக்குக் கேட்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊர்ப் பணம், கேட்கத்தான் வேண்டும். பெரியம்மை ஒரு தீப்பெட்டிக்கும் ரசீது வைத்திருந்தவள். கணக்குப் பார்த்து முடிகிறவரை பிள்ளைகள் பசியோடு காத்திருக்க முடியுமா என்பதை மட்டும் அந்த ஏற்பாட்டில் யாரும் யோசிக்கவில்லை.

அண்ணாச்சி அங்கேதான் வருகிறார். பலசரக்குக் கடை, சின்னதுதான். “பணம் இன்னும் வரல அண்ணாச்சி” என்று பெரியம்மை படியேறாமல் வாசலில் நின்றே சொல்வாள். “வரும்போது வரட்டும்மா, பிள்ளையளுக்கு வாங்கிட்டுப் போங்க” என்பார். நோட்டை அவர் வாங்கிப் பார்த்ததே கிடையாது. பெரியம்மைதான் எழுதி, பெரியம்மைதான் கூட்டி வைப்பாள். அவருக்கும் திருநெல்வேலி மொத்தக் கடையில் பாக்கி நிற்கும், அவரும் வட்டி கட்டுவார். டெல்லியில் ஒரு கோப்பு மேஜையில் கிடந்த மாதங்களுக்கான வட்டியை எங்கள் ஊரில் ஒரு மளிகைக்காரர் கட்டினார். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, நோட்டைக் கூட்டிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆயா கம்மலை அடகு வைப்பாள், மீட்பாள், மறுபடி வைப்பாள். இரவில் அவளும் பீடி சுற்றினாள். பகலெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் தூளிலிருந்து தள்ளி வைத்தவள், ராத்திரி தன் பிள்ளைகள் தூங்கியபிறகு அதே தூளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜீவ் காந்தி பெயரில் 2006இல் திட்டத்தைத் திருத்தியபோது இரண்டு பணியாளர்களுக்கும் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் என்று வந்தது. 2017இல் பணியாளருக்கு 3,000, உதவியாளருக்கு 1,500. இந்தத் தொகையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது. 25 பிள்ளைகள், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம்.

அந்த 2017 மாற்றம் வேறொன்றையும் கொண்டுவந்தது. மத்திய அரசு 60, மாநில அரசு 30, மீதி 10 சங்கம் என்று செலவைப் பிரித்தார்கள். நூற்றுக்குப் பத்து என்றால் காகிதத்தில் சின்ன எண்தான். சங்கம் என்பது யார்? பீடி சுற்றும் அதே பெண்கள். முன்பும் கை குறையும்போதெல்லாம் அவர்கள் பிடியரிசி எடுத்திருக்கிறார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடியை மண்கலயத்தில் போட்டு வைப்பது, சனிக்கிழமை பால்வாடிப் பெண் ஒருத்தி பையோடு வீடு வீடாக வருவது. ரேஷன் அரிசியும் வயல் அரிசியும் கலந்து வரும், கஞ்சிக்குப் பரவாயில்லை. திருவிழாவுக்கு எடுப்பதைப்போலச் சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவர் விரும்பிக் கொடுப்பதை அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பங்காக எழுதிக்கொள்ளக் கூடாது. ஊரிலேயே குறைந்த கூலி வாங்குகிறவர்களிடம் போய்ப் பத்துச் சதவீதம் கேட்பது நியாயமில்லை.

மீனா சுவாமிநாதனைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த அரசுக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1972இல் அறிக்கை வந்தது. உணவு வேறு, கல்வி வேறு, பராமரிப்பு வேறு என்று பிரிக்க முடியாது, மூன்றும் ஒரே பிள்ளைக்கு ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தன் வாழ்நாள் முழுக்க அவர் இன்னொன்றையும் விடாமல் பேசினார்: பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அதன் தாய் செய்யும் வேலையையும் சேர்த்துப் பேச வேண்டும். பெரியம்மை அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, தாய்மார்தான் வீட்டிலேயே இருக்கிறார்களே, காப்பகம் எதற்கு என்று கேட்டபோது, பெரியம்மை அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பீடித்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் தும்ம ஆரம்பித்தார். அந்த ஆண்டு அறிக்கை நன்றாகவே போனது.

நாடு முழுவதும் ஒருகாலத்தில் இந்தத் திட்டத்தில் 23,000 காப்பகங்களுக்கு மேல் இருந்தன. வாரியத்தின் கையிலிருந்து மாநிலங்களின் கைக்கு மாறிய சில ஆண்டுகளில், 2020ஐ ஒட்டி, ஏழாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. எங்களுடையதும் மூடியவற்றில் ஒன்று. மூடச்சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை, தொடரச்சொல்லியும் வரவில்லை. அரசுப் பணம் வந்து சேரும் பி.எஃப்.எம்.எஸ். என்ற இணையதளத்தில் சங்கத்தின் வங்கிக் கணக்கைப் பதிவு செய்து கொடுத்தது நான்தான். பதிவு ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது, பணம் வரவில்லை. பெரியம்மை முதலில் மத்தியானச் சுண்டலை நிறுத்தினாள், பிறகு சனிக்கிழமைகளை நிறுத்தினாள், பிறகு கைப்பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தினாள். கடைசியில் சங்கத்தின் வெண்கல அண்டாவை விற்று அண்ணாச்சி கடைப் பற்றைத் தீர்த்தார்கள். அண்ணாச்சி போன பிறகு கடையை அவர் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றுதான் சொன்னான். பெரியம்மை கேட்கவில்லை.

இப்போது ‘பால்னா’ என்ற பெயரில், 2022இல் வந்த மிஷன் சக்தியின் கீழ், அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் வருகின்றன. 17,000 என்பது இலக்கு. வரட்டும், மனசாரச் சொல்கிறேன். ஊரில் பீடி குறைந்துவிட்டது. இளம்பெண்கள் திருநெல்வேலி ஜவுளிக்கடைகளுக்கும் தையல் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். ஏழு மணிக்கு பஸ். பிள்ளையை ஆச்சிமார் பார்க்கிறார்கள். ஆச்சி இல்லாத வீட்டில் எட்டு வயது அக்கா பார்க்கிறாள், அவள் பள்ளிக்கூடம் போகாத நாட்களை யாரும் எண்ணுவதில்லை. அங்கன்வாடிப் பணியாளரின் தலையில் ஏற்கெனவே எடை பார்ப்பது, செல்போன் செயலியில் பதிவது, வாக்காளர் பட்டியல் என்று ஏறிக்கிடக்கிறது. அவருக்குப் பக்கத்தில் ஊர்ச் சங்கம் ஒன்று நின்றால் அவருக்கும் மூச்சு விட முடியும். சங்கக் கட்டடம் இன்னும் உறுதியாக நிற்கிறது.

போன அக்டோபர் 2 கிராம சபையில் பெரியம்மை இதைப் பேசினாள். எழுபதைத் தாண்டிவிட்டாள், குரல் மட்டும் பழைய குரல். காப்பகம் வேண்டும் என்று பொதுவாக எழுதப்போன செயலரை நிறுத்தி, வரி வரியாகச் சொன்னாள்: காலை ஆறரையிலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்க வேண்டும், மூன்று மாதச் செலவு முன்பணமாக வர வேண்டும், வேலை பார்ப்பவர்களுக்கு மாதச் சம்பளம் குறித்த தேதியில் வேண்டும், சங்கத்திடம் பங்கு கேட்கக் கூடாது. “எழுதியாச்சா? வாசிங்க பாப்போம்” என்று கேட்டு, வாசிக்க வைத்துத்தான் உட்கார்ந்தாள். தீர்மானத்தின் நகல் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் ஜனவரி 26 கிராம சபையில் மறுபடி எழுந்து நிற்கப்போகிறாள், இந்த முறை தையல் கம்பெனிப் பெண்கள் சிலரும் விடுப்புச் சொல்லிவிட்டு வருவதாக இருக்கிறார்கள்.