கண்ணாடிக் கோப்பையில் ரசம்!

"சாப்பாட்டுக்கு முன்பதிவா? அதுவும் ஏழு தட்டா?" என்று எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

விஷயம் இதுதான். பிளஸ் டூ முடித்த என் மகள், கேட்டரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "கரண்டி பிடிக்கக் காலேஜுக்கு வேற போகணுமா?" என்று என் கணவருக்குக் கோபம். எனக்கும் மனசில்லை. இருபது வருஷமாக அடுப்படியில் வெந்தவளுக்கு, மகளும் அங்கேயே நிற்கணுமா என்றிருக்காதா? சென்னையிலிருக்கும் என் அண்ணன்தான், "ஒரு தடவை நேரில் வந்து பாரு. அப்புறம் வேண்டாம்னு சொல்லு" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். வழியெல்லாம் மகள் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்பெயினில் எல் புல்லி என்று ஓர் உணவகம் இருந்ததாம். 2011-ல் மூடிவிட்டார்கள். ஆலிவ் காய் போலவே ஓர் உருண்டை தருவார்களாம். வாயில் போட்டால் மெல்லிய தோல் உடைந்து, உள்ளே வெறும் சாறு! இங்கிலாந்தில் ஃபேட் டக் என்ற இடத்தில் மீன் தட்டோடு ஒரு சங்கும் வருமாம். அதிலிருந்து கடல் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டுமாம். "வயிறு நிறையுமாடி?" என்றேன். முறைத்தாள்.

மறுநாள் இரவு கிண்டிக்குப் போனோம். ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டல் 2012-ல் திறந்தது. சோழர் கோயில்களை நினைவூட்டும் தூண்களைப் பார்த்ததும் தஞ்சாவூர்க்காரிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. உள்ளே இருக்கிறது 'ஆவர்த்தனா'. 2017-ல் தொடங்கிய இங்கே நம் தென்னிந்தியச் சமையலையே புது உருவில் தருகிறார்கள். ஏழு தட்டிலிருந்து பதின்மூன்று தட்டு வரை வரிசைகள் உண்டு. சைவத்துக்குத் தனி வரிசை. நாங்கள் ஏழோடு நின்றோம்.

காபி வடிகட்டும் கண்ணாடிக் குடுவையில் கொத்துமல்லியைப் போட்டு, தெளிந்த தக்காளி ரசத்தை ஊற்றி, எங்கள் கண்ணெதிரே கோப்பையில் வடித்தார்கள். பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி. குடித்தேன். அம்மா வைத்த ரசம் நெஞ்சில் இறங்கியது! கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் பறவைக் கூட்டுக்குள் முட்டை மாதிரி ஒன்று வர, "ஐயையோ, நான் சைவமாச்சே!" என்று பதறினேன். பரிமாறியவர் சிரித்துக் கேலி செய்யவில்லை. "இது சோம்பு மணக்கிற இனிப்பும்மா, முட்டை இல்லை" என்று தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார்.

அண்ணன் சொன்னார்: "வித்தியாசத்துக்காக ஒரு தடவை வருவாங்க. மறுபடி வர்றது ருசிக்காகத்தான்." மகள் உடனே மிஷ்லின் கையேட்டைப் பற்றி ஆரம்பித்தாள். டயர் கம்பெனி 1900-ல் தொடங்கிய அந்தக் கையேடு, 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தருகிறது. பார்ப்பது ஐந்து: பொருள்களின் தரம், கைப்பக்குவம், ருசிகளின் பொருத்தம், சமைப்பவரின் தனித்தன்மை, என்றைக்கும் மாறாத தரம். மேஜை அலங்காரத்துக்கு நட்சத்திரம் கிடையாது!

எனக்கு அந்த ஐந்தாவதுதான் பெரிதாகப் பட்டது. தினமும் ஒரே ருசியில் ரசம் வைப்பது எத்தனை கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா சகோதரிகளே? என் கணக்கில் இன்னும் இரண்டு உண்டு. புதுமைக்குள் நமக்குத் தெரிந்த ருசி ஒளிந்திருக்க வேண்டும்; தெரியாமல் கேட்டால் நம்மைச் சிறுமைப்படுத்தாமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உறுத்தியது. அங்கே ஒவ்வொரு தட்டையும், "இதை எப்படிச் செஞ்சீங்க?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். என் ரசத்தை இருபது வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆக, குறை கரண்டியில் இல்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்களுக்கு: சேராத பொருள், சர்க்கரை வியாதி, சைவம் எதுவானாலும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மொத்தச் செலவை வரியோடு முன்னாலேயே கேளுங்கள். எங்கள் மூவருக்கும் ஆனது என் வீட்டு ஒரு மாத மளிகை! குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்றும் விசாரியுங்கள். புரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் நானே முயன்றேன். அரை கிலோ பழுத்த தக்காளியை உப்புச் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிஜ்ஜில் பாத்திரத்தின் மேல் ராத்திரி முழுக்க வடியவிட்டேன். பிழியக் கூடாது, கலங்கிவிடும். தெளிந்த சாற்றில் மிளகு, சீரகம் தட்டிப் போட்டுச் சூடாக்கி வடிகட்டி, கொத்துமல்லி போட்டு டம்ளரில் கொடுத்தேன்.

என் கணவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். "இதை எப்படிப் பண்ணினே?" என்றார்.

"இதைத்தாம்ப்பா நான் படிக்கப் போறேன்" என்றாள் மகள்.

விண்ணப்பத்தில் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.