நாயோடு நடத்தல்

நாய் என்னும் சொல்லை வசைமொழியாக வழங்குதல் நம்மவர்க்கு நெடுநாளைய வழக்கு. ஆயினும், அவ்வாறு வைத வாயே இரவில் வாயிற்புறத்தே காலடியோசை கேட்பின் நாயின் பெயரைச் சொல்லி அழைக்கும். நாயை வாசலிற் கட்டிவைப்போர் பலர். அதனோடு வீதியில் நடப்போர் சிலர். அச்சிலருள்ளும் நாயைத் தாம் நடத்துவோர் மிகச் சிலர். ஏனையோரை நாயே நடத்துகின்றது. திருத்தணிகை மலையடிவார வீதியில் விடியற்காலையிற் சிறிது நேரம் நிற்பவர் இதனைக் கண்ணாரக் காணலாம். முன்னே தொண்டை கரகரக்க நாய் ஓடும். பின்னே நீட்டிய கையும் கழன்ற செருப்புமாய் அதன் உடையவர் ஓடுவர்.

எம் இல்லத்து நாய் சிப்பிப்பாறை இனத்தைச் சார்ந்தது. விருதுநகர்ப் பக்கத்து உறவினர் ஒருவர் குட்டியாக அளித்தார். இராசபாளையம், கோம்பை, கன்னி என்னும் தென்னாட்டு இனங்களோடு ஒருங்கு எண்ணப்படுவது இது. (அவற்றுள் இராசபாளையம் 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது.) ஒடுங்கிய தலையும், நீண்ட கழுத்தும், உள்வாங்கிய வயிறும் உடையது, மோப்பத்தினும் கண்ணையே மிகுதியும் நம்பி, ஓடும் பொருளைக் கண்டவுடன் துரத்தும் இயல்பினது. தலைமுறை தலைமுறையாக முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட மரபு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் அவ்வேட்டை குற்றமாயிற்று. வேட்டை நின்றது, வேட்கை நின்றதில்லை. சூரனோடு பொருத பெருமானின் சினம் தணிந்த இடமாதலின் இவ்வூர் தணிகை எனப்பட்டது என்பர். ஆட்டைக் கண்ட எம் நாயின் ஆவேசம் மட்டும் இவ்வூரிலும் தணியக் கண்டிலோம்.

சென்ற கார்த்திகைத் திங்களில் எம் அன்னையார் கயிற்றைப் பிடித்துச் செல்லுங்கால், ஆட்டு மந்தையொன்று குறுக்கிட்டது. நாய் பாய்ந்தது, கயிற்றைக் கையிற் சுற்றியிருந்த அன்னையார் குப்புற வீழ்ந்தனர். மணிக்கட்டு எலும்பிற் பிளவு; ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றிரவே இல்லத்தில் ஆலோசனை கூடியது. முள் வைத்த கழுத்துப்பட்டை வாங்குக என்றார் ஒருவர். கோணியிற் கட்டி நகரிக்கு அப்பால் விட்டுவருவதே நன்று என்றார் மற்றொருவர். அவ்வாறு விட்டுவருதல் சட்டப்படி குற்றம் என்றோம் யாம். தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, "பொங்கல் வரையில் நீ பார். அதற்குமேல் அது இந்த வீட்டில் இராது" என்றனர். ஏறக்குறைய ஆறு வாரத் தவணை கிடைத்தது.

முள் பட்டையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அது புதிய பொருளன்று. 1910-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கோன்ராத் மோஸ்ட் எழுதிய நாய்ப் பயிற்சி நூல் முதலாக, வலியால் அடக்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனால் நாய் அடங்குவதில்லையோ எனின், அடங்குவதும் உண்டு; அதனாலேயே அம்முறை இன்னும் சாகவில்லை. ஆயின் நாயின் கழுத்து எருதின் பிடரியன்று. பட்டை அழுந்தும் இடத்திலேயே மூச்சுக்குழலும், குருதி நாளங்களும், தைராய்டுச் சுரப்பியும் உள்ளன. கழுத்துப்பட்டையால் இழுபடும் நாய்க்குக் கண்ணின் உள்ளழுத்தம் உயர்கின்றது என்பதும், மார்பிற் பூட்டிய வாரால் அவ்வாறு உயர்வதில்லை என்பதும் 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றாற் புலனாயின. இதனினும் கொடிது ஒன்றுண்டு. முள் குத்தும் நேரத்தில் நாயின் கண்முன் நிற்பது ஆடாகவோ சிறுபிள்ளையாகவோ இருக்கும். தான் இழுத்தமையால் வலித்தது என்று நாய் அறியாது, அப்பிள்ளையைக் கண்டதனால் வலித்தது என்று கொள்ளுதலும் கூடும். இழுக்கும் நாயைக் கடிக்கும் நாயாக மாற்ற இதனினும் எளிய வழி வேண்டுவதில்லை.

இனி, நாய் ஏன் இழுக்கின்றது? எம்மை ஆளவேண்டும் என்னும் அகந்தையால் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. அதன் இயல்பான நடை எம் நடையினும் விரைவானது. அதன் விருப்பமெல்லாம் முன்னே உள்ளது. இழுக்கின்றது, யாம் ஓரடி முன் வைக்கின்றோம், விரும்பிய மரத்தடியை அடைகின்றது. அமெரிக்க உளநூலறிஞர் தார்ன்டைக் பூனைகளைக் கூண்டிலிட்டு ஆராய்ந்து 1898-இல் வெளியிட்ட உண்மை இதுவே: நற்பயன் தந்த செயலை உயிர்கள் மீண்டும் செய்யும், பயன் தாராததனை மெல்ல விடும். இழுத்தற்குரிய கூலியை நாய்க்குக் கொடுப்பது பின்னே வருபவர் கால்களே. ஆகவே திருத்த வேண்டுவது முதற்கண் கால்களை.

முதலிற் கழுத்துப்பட்டையை நீக்கி மார்பு வார் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் ஹார்னஸ் என்பர். முதுகில் மட்டுமன்றி மார்பின் முன்புறத்தும் வளையம் உள்ளதாகப் பார்த்தே எடுத்தல் வேண்டும். கயிற்றை முன்வளையத்திற் பூட்டினால், நாய் பாயும் விசையே அதன் உடலைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். வலியில்லை, பயனும் இல்லை. கயிறு ஆறடி நீளம் போதும். இழுக்க இழுக்க நீளும் உருளைக் கயிறு இப்போது எங்கும் விற்கின்றது. இழுத்தால் இடம் கிடைக்கும் என்று நாய்க்குக் கற்பிப்பதற்கே செய்தது போலும் அது.

பயிற்சி இதுதான். கயிறு இறுகியவுடன் யாம் நின்றுவிடுதல். அதட்டலும் இல்லை, வெடுக்கென்று இழுத்தலும் இல்லை. நாய் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வந்தோ கயிறு தளர்ந்த கணமே நடத்தல். எம் இடக்காலருகே அது வருங்கால் விரல் நுனியளவு கோழியிறைச்சி, வேகவைத்தது, காலருகே தாழ்த்திக் கொடுத்தல். முன்னே நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னேதான் நிற்கும். எழுத மூன்று வரி, செய்யவோ பெரும்பாடு. முதல் நாள் திண்ணையிலிருந்து தெருக்கோடி வரையில் நூறு தப்படி செல்ல அரைமணிக்கு மேலாயிற்று. எதிர்வீட்டுப் பாட்டியார், "ஏனப்பா, வழி மறந்துபோயிற்றா?" என்று வினவினர். பால்காரர் மூன்று வீடு ஊற்றித் திரும்புமளவும் யாம் ஒரே மின்கம்பத்தருகே நின்றோம். இரண்டாம் வாரத்தில், நின்றவுடன் நாய் திரும்பி எம் முகத்தை நோக்கத் தொடங்கிற்று. அந்நோக்கைக் கண்டபொழுது எமக்கு உண்டான மகிழ்ச்சியைத் தேர்விற் பெற்ற மதிப்பெண் எதுவும் தந்ததில்லை.

தீனியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோயிலூர் ஆதலின் பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் வீட்டில் இருந்த வண்ணம் இருக்கும். அவற்றிற் கலந்த உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. வெங்காயமும் சாக்கலேட்டும் அதற்கு நஞ்சே. அன்பினால் ஊட்டுவோரைத் தடுத்தல் நாயைத் தடுத்தலினும் கடினமாயிருந்தது.

எதிர்பாராத இடையூறு மொழியால் வந்தது. இவ்வூர் 1960 ஏப்ரல் முதல் நாள் வரையில் ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது; எல்லை மாறியதன்றி இல்லங்களின் மொழி மாறவில்லை. யாம் நாயை நோக்கி "நில்" என்போம். நகரியிலிருந்து வந்த எம் சிற்றன்னையார் "ஆகு" என்பார். தெலுங்கில் அதுவே நில் என்பதாம். தமிழ் மட்டும் அறிந்த செவிக்கு அஃது ஏதோ ஒன்றாக ஆகும்படி இடும் கட்டளை! "வா" என்பதும் "ரா" என்பதும் ஓசையால் நெருங்கியவை, அதில் தொல்லையில்லை. நில், ஆகு இரண்டிற்கும் நடுவே நாய் விழித்தது. இறுதியிற் சொல்லை விட்டுச் சைகைக்கு மாறினோம். உள்ளங்கை விரித்துக் காட்டினால் நிற்றல். சிற்றன்னையார்க்கும் எமக்கும் கை ஒரே மொழி பேசும்.

வீட்டார் அனைவரும் ஒரே விதியைக் கைக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஒன்பது பேர் நின்று பத்தாமவர் இழுத்த வழியே சென்றால், நாய் அப்பத்தாமவரை நம்பியே மேலும் இழுக்கும். என்றோ ஒருநாள் கிடைக்கும் பரிசே வழக்கத்தை வலிதாக்கும் என்பது உளநூலார் முடிபு. எம் தம்பி அப்பத்தாமவன். அவனைத் திருத்த இறைச்சி உதவவில்லை.

நாய்க்கு அதன் விருப்பத்தை அடியோடு மறுத்தலும் நன்றன்று. நூறடி தளர்ந்த கயிற்றோடு வந்தால், "போ, முகர்" என்று வேலியோரம் விடுவோம். எமக்கு வேலியாகத் தோன்றுவது அதற்குச் செய்தித்தாள். ஆடுகளை முதலிற் பெருந்தொலைவிலிருந்து காட்டி, அது பாயாது நோக்குங்கால் தீனியளித்து, நாடோறும் சில தப்படி அணுகினோம். உலாவும் வைகறையிலேயே. தமிழ்நாட்டில் வெயில் கடுமைக்குப் பெயர்போன ஊர்களுள் இதுவும் ஒன்று. புறங்கையைச் சில நொடி தார்ச்சாலையில் வைக்கப் பொறாதாயின், நாயின் பாதமும் பொறாது.

டிசம்பர் 31-ஆம் நாள் இரவு படித் திருவிழாவிற்காக 365 படிகளிலும் பஜனைக் கூட்டம் நிறைந்தது. அன்று நாயை வெளியே கொண்டுசெல்லவில்லை. கற்கும் மாணவனை முதல் மாதத்திலேயே பெருந்தேர்விற்கு அனுப்புதல் முறையன்று. பொங்கலுக்கு மறுநாள் தந்தையார் ஒன்றும் கூறாது கயிற்றைத் தாமே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "இரண்டு முறை இழுத்தது" என்றார். அதற்குமுன் அவர் எண்ணியதில்லை, எண்ணுதற்கும் இயலாதிருந்தது.

விலங்குகள்பால் கொடுமை தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தலையும், கட்டியே கிடக்கும் நாயை உலவவிடாமையையும் குற்றமெனக் கூறுகின்றது. மாநிலங்களவையில் இதற்கென முதலில் மசோதா கொணர்ந்து போராடியவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962-இல் நிறுவப்பெற்ற விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. இழுக்கிறது என்பதற்காக நாயை வாசற்கம்பியிலேயே கட்டிவைப்போர் இப்பிரிவை ஒருமுறை படித்தல் நலம்.

அன்னையார் மாசி மாதத்திலிருந்து மீண்டும் கயிறு பிடிக்கின்றனர். கையிற் சுற்றாது, உள்ளங்கையில் மடித்தே பிடிக்கின்றனர். ஆடுகளை நாய் இப்பொழுது நின்று நோக்குகின்றது. பூனை மட்டும் இன்னும் கற்பிக்கப்படாத பாடம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளும் பம்பை முழக்கமும் வீதியை நிறைக்கும். அன்று நாய் பின்கட்டிலேயே இருக்கும்.