ராத்திரியோடு ராத்திரியாக...

ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே பாலாற்றில் தண்ணீர் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மணல்தான். அந்த ஆறுதான் 1903 நவம்பரில், மைசூர் பக்கத்து ஏரிகள் உடைந்து, பக்கத்து ஊரான வாணியம்பாடியில் நிறையப் பேரை வாரிக்கொண்டு போனது. நினைவுத் தூண்கூட உண்டு. 2021 நவம்பரில் பாலாறு பொங்கியதும் மறுபடி 1903 பேச்சுதான்.

வெள்ளம் அவ்வளவு லேசில் மறக்காது. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்கிறது இறையனார் களவியல் உரை. பாபிலோனிலும் பைபிளிலும் இதே பிரளயம். எல்லோரும் சொல்லிவைத்தா புளுகியிருப்பார்கள்?

நிலம் முழுகியது நிஜம். சுமார் 20,000 வருஷத்துக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே. இலங்கைக்கு நடந்தே போகலாம். அப்புறம் பனி உருகி, கடல் ஏறியது. ஆனால், பி.காம். படித்தவன் கணக்குப் பார்க்காமல் விடுவேனா? ஏறி முடிக்கப் பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷம். சராசரியாக வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்! அதற்குப் பயந்து யார் ஓடுவார்கள்?

தாத்தா ஒரு வயல் இழந்தார், பேரன் ஒரு கிராமம் இழந்தான். அதையெல்லாம் சேர்த்து, தாங்கள் கண்ட ஆற்று வெள்ளம் மாதிரி ஒரே ராத்திரிக் கதையாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெதுவாக ஏறும் தண்ணீருக்கு யார் தூண் நடுவார்கள்?

கடல் இப்போதும் ஏறுகிறது. வருஷத்துக்குச் சுமார் நாலு மில்லிமீட்டர். உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? இல்லைதானே. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.